அக்கினி மூலையில் கத்திய வண்டு

புதிதாக எதையாவது படித்துக்கொண்டிருப்பவரோடு ஒரே வீட்டில் இருப்பதைப் போன்ற கஷ்டம் வேறு கிடையாது. ஜோசியம் கற்றுக்கொள்கிறவர், காபி டம்ளரை நீட்டினால் டம்ளரை விட்டுவிட்டுக் கையைப் பிடித்துப் பார்ப்பார். யோகா கற்றுக்கொள்கிறவர், நாம் தும்மினால்கூட மூச்சை விட்ட விதம் தப்பு என்பார். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். சிதம்பரத்தில் எம்.எஸ்சி. விலங்கியல் படித்த காலத்தில் நான் கற்றுக்கொண்டது வண்டுகளைப் பற்றி. (எங்கள் வீட்டார் போன ஜென்மத்தில் ஏதோ பெரிய பாவம் செய்திருக்க வேண்டும்.)

என் ப்ராஜெக்ட் இதுதான்: தோப்புகளில் இருக்கிற இரண்டு வகை வண்டுகளை எடுத்துக்கொண்டு, அவை எப்படிப் பிழைக்கின்றன என்று ஒப்பிட்டு எழுத வேண்டும். முதலாவது பொன்வண்டு. உங்களுக்குத் தெரிந்ததுதான், தீப்பெட்டிக்குள் போட்டு முட்டை வைக்கிறதா என்று எட்டிப் பார்த்திருப்பீர்கள். மழைக்காலத்தில் மண்ணுக்குள்ளிருந்து எழுந்து வரும். பட்டப்பகலில், நாலு பேர் பார்க்க, கொடுக்காப்புளி இலையைத் தின்னும். தொட்டால் செத்த மாதிரி நடிக்கும். சில வாரங்கள் மினுக்கிவிட்டு நிஜமாகவே செத்துப்போகும்.

இரண்டாவது, முந்திரித் தண்டு துளைப்பான். கருஞ்சிவப்பு நிறம், நீண்ட மீசை; பழைய செருப்பு வாருக்குக் கால் முளைத்த மாதிரி இருக்கும். இது மரப்பட்டை இடுக்கில் முட்டை வைக்கும். புழு மாதக்கணக்கில் பட்டைக்கு அடியில் உட்கார்ந்து மரத்தைத் தின்னும். வெளியே மூச்சுப் பேச்சு இருக்காது. அடிமரத்தில் பிசின் வடிந்து, இலை பழுத்து, தோப்புக்காரர் நிமிர்ந்து பார்ப்பதற்குள் மரத்தின் கதை முடிந்திருக்கும். வளர்ந்த வண்டு பகலெல்லாம் இடுக்கில் பதுங்கிக்கொண்டு, இருட்டிய பிறகே நடமாடும். கையால் பிடித்தாலோ, ஒன்றோடொன்று முட்டிக்கொண்டாலோ, கழுத்தை உரசி "கிறீச் கிறீச்" என்று சத்தம் போடும்.

இவ்வளவோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. மனித குலமே இந்த இரண்டு வகைதான் என்று ஒரு தத்துவத்தையும் கண்டுபிடித்து, வீட்டில் வருகிறவர் போகிறவரையெல்லாம் வகை பிரிக்க ஆரம்பித்தேன். அண்ணன் முரளி பொன்வண்டு. புதுச் சட்டை போட்டால் தெருவில் காரணமே இல்லாமல் போய்வருவான். அப்பாவும் பொன்வண்டு. வேலை சொன்னால் செத்த மாதிரி படுத்துக்கொள்வார்.

"அப்ப நான் என்னாடி?" என்றார் அம்மா.

"நீ துளைப்பான்மா. வெளிய ஒண்ணும் தெரியாது. உள்ள அரிச்சிக்கிட்டே இருப்ப."

மறுநாள் காலையில், புழுக்களோடு நான் பத்திரமாக வைத்திருந்த முந்திரிக் கட்டையைக் காணவில்லை. "வெந்நி அடுப்புக்கு வெறகு பத்தல" என்றார் அம்மா, முகத்தில் ஒரு சலனமும் இல்லாமல். (என் தத்துவம் சரி என்பதற்கு இதைவிட என்ன சான்று வேண்டும்?)

அலைந்து திரிந்து இன்னொரு கட்டை கொண்டுவந்தேன். அதிலிருந்து வண்டுகள் வெளியே வரத் தொடங்கின. அட்டைப் பெட்டியில் வைத்தேன். கடித்து ஓட்டை போட்டன. கடைசியில், பரண்மேல் இருந்த பெரிய எவர்சில்வர் தூக்கை அம்மாவுக்குத் தெரியாமல் இறக்கி, கட்டையையும் வண்டுகளையும் அதற்குள் வைத்து, காற்றுப் போகட்டும் என்று வாயில் அப்பாவின் பழைய ஜரிகை வேட்டித் துணியைக் கட்டினேன். பொன்வண்டுகள் தனியே ஒரு ஊறுகாய் பாட்டிலில் இருந்தன. அன்றிலிருந்து தூக்கும் பாட்டிலும் நான் போகிற இடமெல்லாம் என்னோடு வந்தன. அம்மா இருக்கிற வீட்டில் கட்டையை விட்டுவிட்டுப் போக நான் என்ன பைத்தியமா?

இந்தச் சமயத்தில்தான் முரளிக்கு நிச்சயதார்த்தம் வந்தது.

முரளிக்கு ஜாதகம் பார்த்துப் பார்த்துத் தரகரே தளர்ந்துபோயிருந்தார். ஒன்று பொருந்தினால் இன்னொன்று பொருந்தாது. கடைசியில் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் மரவாடி வைத்திருப்பவரின் மகள் மேகலாவின் ஜாதகம் பொருந்தியது. போட்டோவைப் பார்த்த நாளிலிருந்து முரளி சாப்பாட்டில் உப்பில்லை என்றுகூடச் சொல்வதை நிறுத்திவிட்டான். போனில் பேசிப் பேசி அவன் காது சிவந்திருந்தது. ஆனால் அந்தப் பக்கம் ஒரு மலை இருந்தது. மேகலாவின் பெரியப்பா. வீட்டில் அவர் சொன்னால் சொன்னதுதான். சகுனம் பார்ப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. பூனை குறுக்கே போனது என்று பெண் பார்க்கும் நாளையே தள்ளிவைத்தவர். இப்போது கிடைத்ததோ கார்த்திகையின் கடைசி முகூர்த்தம். இதுவும் தவறினால் மார்கழி; அதற்குப் பிறகு அவர் மனசில் எந்தப் பூனை குறுக்கே போகுமோ தெரியாது.

நிச்சயத்துக்கு முதல் நாள் முரளி என்னிடம் வந்து கெஞ்சினான். "செல்வி, இது மட்டும் நல்லபடியா முடியணும். யாரு என்னா கேட்டாலும் 'படிக்கிறேன்'னு சொல்லு. என்னா படிக்கிறேன்னு சொல்லாத."

சரி என்று தலையாட்டினேன். ஆட்டிய தலை வேனில் ஏறியதும் ஆட்டத்தை மறந்துவிட்டது. சிதம்பரத்திலிருந்து புதுச்சத்திரம்வரை பொன்வண்டு, புதுச்சத்திரத்திலிருந்து துளைப்பான் என்று பாடம் நடத்திக்கொண்டே வந்தேன். குடிகாடு கெமிக்கல் கம்பெனிகள் பக்கம் ஏதோ ஒரு வாடை அடித்தபோது, வேனில் இருந்த அத்தனை பேரும் ஜன்னலைப் பார்க்காமல் என் தூக்கைத்தான் பார்த்தார்கள். பாடத்தைக் கேட்காத ஒரே ஆள், காட்டுமன்னார்கோயிலிலிருந்து வந்திருந்த கஸ்தூரி அத்தை, அப்பாவின் அக்கா. வண்டியில் ஏறினால் வாந்தி மாத்திரை போட்டுக்கொண்டு கடைசி சீட்டில் படுத்துவிடுவார். அன்றைக்கும் குறட்டைதான்.

இறங்கும்போது மழை தூற ஆரம்பித்திருந்தது. நனைய வேண்டாம் என்று தூக்கையும் பாட்டிலையும் சீட்டுக்கு அடியில் தள்ளிவைத்தேன். எனக்கு மல்லிகைப்பூத் தட்டைக் கையில் கொடுத்து முன்னால் நடக்கச் சொன்னார்கள். பெண் வீட்டு வாசலிலேயே மேகலாவின் அப்பா நின்று வருகிறவர்களிடமெல்லாம் கதவைக் காட்டிக்கொண்டிருந்தார். "பர்மா தேக்கு. தட்டிப் பாருங்க, சும்மா தட்டிப் பாருங்க." கதவு, ஜன்னல், மாடிப்படி, ஊஞ்சல், சாமி அலமாரி, எல்லாமே தேக்கு. அந்த வீட்டில் தேக்கில் செய்யாதது மனிதர்கள் மட்டும்தான்.

கூடத்தில் ஜமக்காளம் விரித்து, தென்கிழக்கு மூலையில் சீர்த்தட்டுகளை வரிசையாக வைத்திருந்தார்கள். தேங்காய், பழம், பூ, புடவை, ஸ்வீட். பார்த்துக்கொண்டே வந்த என் கண், கடைசித் தட்டில் போய் நின்றது. அதில் என் தூக்கு உட்கார்ந்திருந்தது. நெற்றியில் சந்தனம், குங்குமம். கழுத்தில் கதம்பம். மாப்பிள்ளையைவிட அதற்குத்தான் அலங்காரம் ஜாஸ்தி.

கஸ்தூரி அத்தையின் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "அத்த, அந்தத் தூக்கு..."

"எப்பிடி?" என்றார் பெருமையாக. "வேன்ல ஜாங்கிரி தட்டு கவுந்துபோச்சு. எண்ணிப் பாத்தா ரெட்டப்படை. ரெட்டப்படையா சீரு எடுத்தாந்தா சிரிக்க மாட்டாங்களா? சீட்டுக்கு அடியில இது இருந்துச்சு. ஜரிகை துணி கட்டி அம்சமா இருந்துச்சு, நல்ல கனமாவும் இருந்துச்சு. பொட்டு வச்சி எடுத்தாந்துட்டேன். உள்ள என்னா, அதிரசமா?"

"இல்ல அத்த."

"முறுக்கா?"

"கட்ட."

அத்தை நான் கிண்டல் செய்கிறேன் என்று நினைத்து என் கன்னத்தைக் கிள்ளினார்.

மெதுவாகப் போய்த் தூக்கின் காதைப் பிடித்தேன். பின்னாலிருந்து ஒரு குரல் இடித்தது. பெரியப்பா. "எம்மா, வச்ச தட்ட எடுக்கக் கூடாது. எடுத்தா ரெட்டப்படை ஆயிடும்ல." கையை எடுத்துவிட்டேன். அவர் பார்வை அப்படி.

திரும்பி வந்து உட்கார்ந்து, எனக்கு நானே தைரியம் சொல்லிக்கொண்டேன். இது பகல். துளைப்பான் பகலில் நடமாடாது. என் ப்ராஜெக்ட்டின் இரண்டாம் அத்தியாயமே அதைப் பற்றித்தான். அரை மணி நேரத்தில் தட்டு மாற்றிவிடுவார்கள்; பிறகு யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம். அறிவியல் என் பக்கம் இருந்தது.

அப்போது மழை வலுத்தது. வானம் கறுத்தது. சாரல் அடிக்கிறது என்று யாரோ தேக்கு ஜன்னல்களையெல்லாம் சாத்தினார்கள். கரண்ட் போனது. கூடம் கும்மிருட்டானது. அறிவியல் எழுந்து எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது.

"நல்ல நேரம் போவறதுக்குள்ள படிச்சிடுவோம்" என்று பெரியப்பா எழுந்தார். ஒருவர் செல்போன் டார்ச்சைப் பிடிக்க, லக்னப் பத்திரிகையைக் கணீரென்று படித்தார். முடித்துவிட்டுத் தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுப் பொண்ணு மேகலாவ, உங்க பையன் முரளிக்குக் குடுக்க எங்களுக்குப் பரிபூரண..."

கிறீச்.

டார்ச் வெளிச்சம் சுவர்ப்பக்கம் திரும்பியது.

கிறீச், கிறீச்.

கூடத்தில் இருந்த அத்தனை பேரும் ஆள்காட்டி விரலால் தரையைத் தட்டினார்கள். "பல்லி சொல்லுது" என்றார் ஒருவர். பெரியப்பா "சம்மதம்" என்ற வார்த்தையை வாய்க்குள்ளேயே நிறுத்திக்கொண்டு, "எந்த மூலை?" என்றார். எல்லாக் கைகளும் சீர்த்தட்டுப் பக்கம் நீண்டன. அக்கினி மூலை.

சுவரில் தொங்கிய காலண்டரைக் கழற்றினார்கள். பின்னட்டையில் பல்லி சொல்லும் பலன் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் பெரியப்பா விரலை வைத்துத் தேடினார். "ஞாயித்துக்கெழம. அக்கினி மூலை." விரல் நின்றது. "கலகம்."

அவர் பத்திரிகையை மடித்தார். "தப்பா நெனக்காதீங்க மாமா" என்றார் என் அப்பாவிடம். "நாளு எங்க ஓடிடப் போவுது. தை பொறக்கட்டும், பாத்துக்கலாம்."

நான் முரளியைப் பார்த்தேன். தொட்ட பொன்வண்டு மாதிரி கைகாலை மடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தான். இந்தத் தடவை நடிப்பு இல்லை. நான் வாயைத் திறக்காவிட்டால் கல்யாணம் நிற்கும். திறந்தாலோ, மரவாடிக்காரர் வீட்டுக்குள், தேக்குக்கு நடுவில், பொட்டு வைத்துப் பூச்சுற்றி, சீராக நாங்கள் கொண்டுவந்து வைத்திருப்பது என்ன என்று சொல்ல வேண்டும். முரளிக்குக் கொடுத்த வாக்கு வேறு இருக்கிறது.

எழுந்து நின்றேன். "மாமா, அது பல்லி இல்ல."

"பின்ன?"

"வண்டு."

"என்னா வண்டு?" என்றார் மேகலாவின் அப்பா.

அந்தச் சமயத்தில் எத்தனையோ பதில் சொல்லியிருக்கலாம். கறுப்பு வண்டு, மீசை வண்டு, நல்ல வண்டு. படித்த புத்தி விடுமா? "மரம் துளைக்கிற வண்டு" என்றேன்.

அம்மா கண்ணை மூடிக்கொண்டார். அந்த இருட்டிலும் எனக்கு அது தெரிந்தது.

மேகலாவின் அப்பா எழுந்தார். "எங்க இருக்குது?"

"சீருல."

"மரவாடிக்காரன் வீட்டுக்கு, மரம் துளைக்கிற வண்ட சீரு எடுத்தாந்திருக்கீங்களா?"

கஸ்தூரி அத்தை மட்டும் நிதானமாக, "அதிரசம் இல்லையா அப்ப?" என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நான் பேசியதைப் பேச்சு என்று சொல்ல முடியாது. மூச்சு விடாமல் கொட்டினேன். "மாமா, இது பலகைய அரிக்கிற உளு இல்ல மாமா. அறுத்துக் காயவச்ச பலகைய இது சீண்டாது. உயிரோட நிக்கிற மரந்தான் வேணும், அதுவும் முந்திரின்னா உசுரு. உங்க தேக்க நீங்களே ஊட்டிவிட்டாலும் தின்னாது." அவர் நம்புகிற மாதிரி தெரியவில்லை. ஓடிப்போய் வேனிலிருந்து பொன்வண்டு பாட்டிலையும் எடுத்து வந்தேன். (எதற்கு? ஒப்பிட்டுக் காட்டத்தான். நிச்சயதார்த்தம் நின்றுகொண்டிருக்கும்போது ஒப்பீட்டு ஆய்வு!) "இது பகல்ல வரும், அது ராத்திரில. இது இலைய தின்னும், அது தண்ட தின்னும். இது மண்ணுல வளரும், அது பட்டைக்கு அடியில. ரெண்டுக்கும் பலகை ஆவாது மாமா." பத்துப் பதினைந்து டார்ச் வெளிச்சம் பாட்டில்மேல் விழ, பொன்வண்டுகள் பச்சையும் பொன்னுமாக மின்னின. மேகலாவின் அப்பா கொஞ்சம் குனிந்தார். "இத நான் சின்னதுல வச்சிருந்தேன்" என்றார். குரல் இறங்கியிருந்தது.

ஆனால் பெரியப்பா இறங்கவில்லை. "கத்தினது வண்டுதான்னு நான் எப்பிடி நம்பறது? கத்தச் சொல்லு."

துணியை அவிழ்த்து, ஒரு துளைப்பானைப் பிடித்து எடுத்தேன். பயத்தில் பட்டும் படாமலும் பிடித்திருந்தேன். இத்தனை நாளாக ராத்திரியெல்லாம் என் காதைத் துளைத்த ஜந்து, வாயே இல்லாத மாதிரி மீசையை ஆட்டிக்கொண்டிருந்தது. "கத்து" என்றேன். கூடமே காத்திருந்தது. "கத்தேன் சனியனே" என்றேன். அது என் விரலை நறுக்கென்று கடித்துவிட்டு, இறக்கையை விரித்துப் பறந்து, முரளியின் பட்டுச் சட்டையில் போய் உட்கார்ந்தது.

அப்போது ஒரு சத்தம் வந்தது. கிறீச் என்றுதான். ஆனால் அது முரளி.

என் அண்ணனுக்கு அவ்வளவு மெல்லிய குரல் உண்டு என்பது எங்கள் குடும்பத்தில் யாருக்கும் தெரியாது. மாப்பிள்ளை ஊஞ்சலின்மேல் ஏறி நின்றுகொண்டிருந்தார். ஊஞ்சல் ஆடியது. "எடுங்க, எடுங்க, யாராவது எடுங்க" என்று கத்தினான். உள் அறைக் கதவு திறந்தது. பட்டுப்புடவையோடு மேகலா விறுவிறுவென்று வந்து, ஒரு கையால் ஊஞ்சல் சங்கிலியைப் பிடித்து நிறுத்தினாள். மறுகையால் அந்த வண்டின் இரண்டு தோளையும் சேர்த்து அழுத்திப் பிடித்துச் சட்டையிலிருந்து எடுத்தாள்.

கிறீச், கிறீச், கிறீச்.

விடாமல் கத்தியது. மேகலா அதைத் தன் பெரியப்பா முகத்துக்கு நேரே நீட்டினாள். "நல்லா கேட்டுக்குங்க பெரியப்பா. பல்லியா இது?" சொல்லும்போதே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஊஞ்சல்மேல் நின்ற முரளியைப் பார்த்ததும் அடக்க முடியாமல் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அதோடு கூடமே சிரித்தது. அப்பாடா என்று நான் உட்காரப் போனேன்.

பெரியப்பா கையைக் காட்டி எல்லோரையும் அடக்கினார். "இரு, இரு. இப்ப எந்த மூலையில சொல்லிச்சு?"

ஊஞ்சல் இருந்த இடத்தை எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "ஈசானி மூலை அண்ணே" என்றார் மேகலாவின் அப்பா.

மறுபடி காலண்டர். மறுபடி டார்ச். விரல் ஊர்ந்தது. "ஞாயித்துக்கெழம, ஈசானி மூலை. சுபச் செய்தி." மடித்த பத்திரிகையைப் பிரித்தார்.

நான் சும்மா இருந்திருக்கலாம். "ஆனா மாமா, அது வண்டு" என்றேன்.

"வண்டுன்னா என்னாம்மா? அதுக்கும் வாயி இருக்குதுல்ல" என்று சொல்லிவிட்டு, "பரிபூரண சம்மதம்" என்று விட்ட இடத்திலிருந்து முடித்தார்.

தட்டு மாற்றி முடிகிறவரை அந்தத் தூக்கை எடுக்கக் கஸ்தூரி அத்தை சம்மதிக்கவில்லை. ஒற்றைப்படை ஆயிற்றே. மேகலாவின் அப்பா ஒரு தாம்பாளத்தை அதன்மேல் கவிழ்த்து, இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டே தன் மகளின் நிச்சயதார்த்தத்தைப் பார்த்தார். போட்டோவில் எல்லோரும் கேமராவைப் பார்த்துச் சிரிக்க, அவர் மட்டும் தாம்பாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

அன்று மாலை சிதம்பரம் திரும்பி எண்ணியபோது ஒரு துளைப்பான் குறைந்தது. அதை அவரிடம் சொல்லியிருக்கக் கூடாது. சொன்னேன். இன்றைக்கும் அவர் தன் கதவுகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். முன்பு பெருமைக்குத் தட்டியவர், இப்போது காதை வைத்துக் கேட்கிறார். மரவாடியில் எந்தப் பூச்சி தென்பட்டாலும் வாட்ஸ்அப்பில் எனக்குப் போட்டோ வந்துவிடும்: "செல்வி, இது உன்னுதா பாரு."

மேகலா எனக்கு அண்ணியாகி வருஷங்கள் ஓடிவிட்டன. அண்ணனும் அண்ணியும் ஒற்றுமையாகத்தான் இருக்கிறார்கள். ஆனால் முரளி ஈரத்துண்டைக் கட்டிலில் போட்டுவிட்டான், கேஸ் புக் பண்ண மறந்துவிட்டான் என்று ஏதாவது சண்டை வரும். அப்போது அண்ணி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, சுவரைப் பார்த்துப் பெருமூச்சு விடுவார்.

"அக்கினி மூலையில அவ்ளோ தெளிவா சொல்லிச்சு. நாந்தான் கேக்கல."